பொறந்த வூட்டுக் கோடி

அத்தியாயம் 12

பூங்கோதைக்குப் பேச்சுதான் பிழைப்பு. மற்றவர்கள் என்ன பேச வேண்டும், அதைவிட முக்கியமாக எதைப் பேசக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பதற்காகத்தான் சென்னையில் அந்த நிறுவனம் அவளுக்குச் சம்பளம் தந்தது. ஓட்டல் சாம்பாரில் பல்லி விழுந்தாலும் சரி, கட்டுமானக் கம்பெனியின் சாரம் சரிந்தாலும் சரி, பெயர் சந்தி சிரிக்கும் முன்பு முதலாளிகள் அந்த நிறுவனத்துக்குத்தான் போன் போடுவார்கள்.

அப்படிப்பட்டவள் இன்று காலை பிறந்த வீட்டுச் சமையலறை வாசலில் வாயடைத்து நின்றாள்.

உள்ளே அம்மா சுந்தரம்மாள் ஒரு புதுப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு அதன் விலைச்சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கத்தரிப்பூ நிறத்தில் பருத்திப் புடவை. பொங்கல் சீருக்காகத் திருப்பத்தூரில் எடுத்தது. நாத்தனார் மாணிக்கம்மாளுக்கு அந்த நிறம் பிடிக்கும்.

"பொங்கலுக்குக் கட்டிக்குவான்னு எடுத்தேன்" என்றாள் அம்மா. "கோடியா போவுது."

புடவை போகுமா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அதுதான் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்.

நடந்தது இவ்வளவுதான். மலையடிவாரத்தில் அமிர்திப் பக்கம் புளியங்கொல்லையில் வாழ்க்கைப்பட்டவள் மாணிக்கம்மாள். அவள் பேத்திக்குக் காதுகுத்து. அவளுடைய அண்ணன், அதாவது பூங்கோதையின் அப்பா அர்ச்சுனன், சீரோடு ஒரு மூட்டை சாமையரிசியும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மீட்டிங் இருக்கிறதென்று அன்றைக்கே திரும்பிவிட்டார். மறுநாள் விருந்தில் சாமைச் சோறு சாப்பிட்ட பலருக்கு வாந்தி, மயக்கம். மற்றவர்கள் தேறிவிட்டார்கள். மாணிக்கம்மாள் தேறவில்லை. நேற்று மாலை ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

அந்தச் சாமை, மலை சனங்கள் கூடி ஆரம்பித்த 'மலைமுகடு' உழவர் கம்பெனியின் சாமை. கம்பெனிக்குத் தலைவர் அர்ச்சுனன். கிடங்கையும் அரவை மிஷினையும் பார்த்துக்கொள்வது அவர் மகன், பூங்கோதையின் தம்பி வெற்றிச்செல்வன்.

சாமையில்தான் கோளாறா, தண்ணீரிலா, குழம்பிலா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. விருந்து வீட்டு அரிசியைப் பரிசோதனைக்கு எடுத்துப்போயிருந்தார்கள். நாளைக்கு அதிகாரிகள் கிடங்குக்கும் வருவதாகத் தகவல். ஆனால் செல்போன்களுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. 'மலைமுகடு விஷச் சாமை' என்று படம் போட்டு ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது.

முதல் நாளே அப்பா மகளுக்கு போன் போட்டார். மகளும் அதை நிறுவனத்து வேலையாகவே எடுத்துக்கொண்டு, தொழிலில் கற்றதை அப்படியே ஒப்பித்தாள். கம்பெனிக்கு ஒரே வாய்தான், மற்றவர்கள் யாரும் பேசக் கூடாது. ரிசல்ட் வரும்வரை மன்னிப்பு என்ற வார்த்தையே வரக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களை நேரில் போய்ப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போட்டோ எடுப்பார்கள், போட்டோ எடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதுவார்கள்.

அர்ச்சுனன் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்த நேரம் அது. மகள் சொன்னதைக் கேட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அத்தை பிழைத்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பூங்கோதையும்தான்.

"கடைசி வரைக்கும் வாசப்பக்கமே பாத்துனு இருந்தாளாம்" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். "எங்கண்ணன் வரலியா, எங்கண்ணன் வரலியான்னு நர்சக் கேட்டுனு இருந்தாளாம்."

பூங்கோதைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

*

வெயில் ஏறும் நேரத்தில் புளியங்கொல்லையிலிருந்து அத்தை வீட்டு ஆளாக வீரன் பைக்கில் வந்தான். முறைப்படி சாவுச் சேதி சொல்ல வந்தவன் வாசலோடு நின்றான். கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை.

"பொணம் வந்து எறங்கிடுச்சி. டீவிக்காரங்களும் வந்துக்கீறாங்க. சின்னராஜு ஒண்ணே ஒண்ணு கேட்டுனு வரச் சொன்னான்" என்றான். "பொறந்த வூட்டுக் கோடி வருமா, வராதா? வராதுன்னா இப்பவே சொல்லிடுவீங்களாம். கோடி இல்லாமயே தூக்கிக்கிறாங்களாம்."

சின்னராஜ் அத்தைக்கு ஒரே மகன். இந்தச் சேதி எப்பேர்ப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டுத் துணி மேலே விழுந்த பிறகுதான் பாடை தூக்குவார்கள். எத்தனை பெரிய பகை இருந்தாலும் அண்ணன் தம்பிக்காரன் கோடியோடு வந்து நிற்பான். கோடி இல்லாமல் தூக்கினால் அந்தப் பெண் நாதியற்றவளாகப் போனாள் என்று பொருள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது.

அர்ச்சுனன் கொல்லைப்புறத்துத் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் நரைத்த தாடி முள்முள்ளாக நின்றது. வீரன் சொன்னதைக் கேட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

"இன்னா சொல்றம்மா? போவட்டுமா?"

தங்கச்சி சாவுக்குப் போக மகளிடம் உத்தரவு கேட்கிற நிலைக்கு அந்த மனிதரைக் கொண்டுவந்து விட்டிருந்தாள் பூங்கோதை.

"ஒரு நிமிஷம்ப்பா" என்று போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடினாள். அந்த ஊரில் அங்கேதான் டவர் கிடைக்கும்.

ராஜவேலு அவளுடைய மேலதிகாரி. பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"இறந்தவங்க கம்பெனித் தலைவருக்குத் தங்கையா?"

"ஆமா சார்."

"தலைவர் உனக்கு யாரு?"

"எங்கப்பா சார்."

டவர் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தாள்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்த வேலைய என்கிட்டேர்ந்து எடுத்திருப்பீங்க."

"எடுத்திருப்பேன். எடுத்துட்டு, முதல் நாளே உங்கப்பாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். நாங்க சொல்ற விதியெல்லாம் முகம் தெரியாத கம்பெனிக்கு, பூங்கோதை. அண்ணன் தங்கச்சிக்கு இல்ல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை.

"இப்ப அப்பா போகட்டும். அண்ணனா மட்டும் போகட்டும். கம்பெனியைப் பத்தி ஒரு வார்த்தையும் பேச வேணாம். நானூறு குடும்பம் அந்தச் சாமையை நம்பி இருக்குன்னு சொன்ன இல்ல? பேரு போச்சுன்னா திரும்பவும் கீழ இருக்கிற வியாபாரி வெச்சதுதான் விலை. அதையும் மறக்காதே. இன்னொண்ணு. பேசாம இருந்ததுக்கு ஊர் மன்னிச்சிடும். தப்பா பேசினாலும் மன்னிச்சிடும். பொய் ஒண்ணு வெளியில வந்துடுச்சுன்னா, அதுக்கப்புறம் நான் வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது."

*

ஜீப்பை எடுக்கச் சொன்னதும் வெற்றிச்செல்வன் பிகு பண்ணினான்.

"நான் எதுக்குக்கா? கிடங்கப் பாத்துக்க ஆள் வேணாமா?"

"கிடங்கு எங்கயும் ஓடிப்போயிடாது. உங்கத்தைதானடா செத்திருக்கிறது?" என்று அம்மா போட்ட போட்டில் ஏறி உட்கார்ந்தான்.

மாலை, தேங்காய், புடவைத் தட்டு எல்லாம் பின்னால் அம்மாவின் மடியில். வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பூங்கோதைக்குத் தம்பியின் சட்டையிலிருந்து கருகிய வாசனை வந்தது. எந்த அடுப்பின் பக்கத்தில் நின்றானோ என்று நினைத்தாள். அதற்குமேல் நினைக்க அப்போது அவளுக்கு நேரமில்லை. அப்பாவைத் தயார்ப்படுத்த வேண்டும்.

"அப்பா, யார் இன்னா கேட்டாலும் ஒரே பதில். 'நான் அண்ணனா வந்துக்கீறேன். கம்பெனியப் பத்தி அப்புறம் பேசலாம்.' அவ்ளோதான். எங்க, ஒரு தடவ சொல்லுங்க?"

அர்ச்சுனன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "அவளுக்குப் பேரு வெச்சதே நான்தான்" என்றார். அதுதான் அவர் சொன்ன பதில்.

*

பிறந்த வீட்டார் வருகிறார்கள் என்றால் சாவு வீட்டிலிருந்து மேளத்தோடு தெருமுனைக்கே வந்து அழைத்துப்போவார்கள். அதுதான் அந்தப் பக்கத்து மரியாதை. ஜீப் போய்த் தெருமுனையில் நின்றபோது அங்கே ஒரு ஆள் இல்லை. மேளக்காரர்கள் பந்தலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் அடித்துக்கொண்டிருந்ததையும் நிறுத்திவிட்டார்கள்.

நாலு பேரும் நடந்தே போனார்கள். புடவைத் தட்டை அர்ச்சுனன் தலையில் வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் சனம் வேடிக்கை பார்த்தது. டீவிக்காரர் ஒருவர் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார்.

பந்தல் வாசலில் சின்னராஜ் குறுக்கே வந்து நின்றான். அழுது அழுது அவன் கண் சிவந்திருந்தது. உள்ளே ஐஸ்பெட்டியைச் சுற்றிப் பெண்கள் ஒப்பாரி வைப்பது கேட்டது.

"நில்லுங்க மாமா. ஒரு பதில் சொல்லிட்டு உள்ள போங்க. எங்கம்மாவுக்கு அண்ணனா வந்தீங்களா, கம்பெனித் தலைவரா வந்தீங்களா?"

சொல்லிக்கொடுத்த பதிலுக்கென்றே அளந்து தைத்த கேள்வி. சொல்லுங்கப்பா என்று பூங்கோதை மனதுக்குள் கெஞ்சினாள்.

அர்ச்சுனன் தட்டைத் தலையிலிருந்து இறக்கவில்லை.

"அப்பிடிப் பிரிச்சிச் சொல்ல எனக்குத் தெரியலடா" என்றார். "சாமையும் என்னுதுதான். செத்தவளும் எந்தங்கச்சிதான். எத உட்டுட்டு நான் எதுக்கு வந்தேன்னு சொல்றது?"

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு ஏன் வரல?" சின்னராஜின் குரல் உடைந்தது. "எங்கம்மா எத்தினி வாட்டி கேட்டாங்க தெரியுமா? வெளியூர் வேலையா போயிருப்பாரு, வந்துடுவாருன்னு நான் பொய் சொல்லினு இருந்தேன். உங்களுக்கு கம்பெனி பேருதான பெருசாப் போச்சு?"

"வராதது தப்பு. எந்தப்பு. நான் வந்திருக்கணும்."

"யாரு வரவேணாம்னாங்க? சொல்லுங்க."

"யாரும் சொல்லல. நானேதான் வரல."

அப்பா மகளைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறாள் பூங்கோதை. வம்பு வந்தால் பக்கத்தில் நிற்பவன்மேல் தள்ளிவிட்டு நழுவுகிறவர்கள்தான் அதிகம். அதற்கு வார்த்தை எழுதிக் கொடுத்து அவளே கூலியும் வாங்கியிருக்கிறாள். ஒரே வாய் என்ற விதியைப் போட்டவள் அவள்தான். அதை உடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் போவக்கூடாதுன்னேன், சின்னராஜு. சட்டைய மாட்டிக்கினு கெளம்புனவர நிறுத்துனது நான். போட்டோ புடிச்சிடுவாங்க, கம்பெனி பேரு கெட்டுடும்னு சொன்னேன். அவர் மேல தப்பு இல்ல."

கேமரா அவள் பக்கம் திரும்பியது. திரும்பட்டும் என்று நின்றாள். சின்னராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவன் திட்டித் தீர்த்திருக்கலாம். அந்தப் பார்வைக்கு அது எவ்வளவோ தேவலை.

அவன் மறுபடி மாமன் பக்கம் திரும்பினான்.

"அந்த மூட்டையோட வந்த மத்த மூட்டைங்க கீதா? இல்ல, அதையும் உங்க பொண்ணு பேச்சக் கேட்டுத் தள்ளி உட்டுட்டீங்களா?"

"கீது" என்றார் அர்ச்சுனன். "கிடங்குல வெச்சது வெச்ச மாதிரி கீது. நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்க. நீயும் வா. உங்கையால மூட்டையப் பிரிச்சி எடுத்துக் குடு. என் சாமைதான் அவள எடுத்துனு போச்சின்னா, நானே ஊரக் கூட்டிச் சொல்றேன். கம்பெனிய இழுத்து மூடிட்டு, வர்ற தண்டனைய வாங்கிக்கிறேன்." ஒரு கையைத் தட்டிலிருந்து எடுத்து ஐஸ்பெட்டியைக் காட்டினார். "அதோ படுத்துக்கீறாளே, அவமேல சத்தியம்."

பந்தலில் ஒப்பாரி நின்றுபோயிருந்தது. சின்னராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"திரும்பிப் போங்க மாமா."

அம்மா "ஐயோ, சாமி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ "டேய், வேணாண்டா" என்றார்கள்.

"தெருமொனைக்குத் திரும்பிப் போய் நில்லுங்க" என்றான் சின்னராஜ். "எங்கம்மா பொறந்த வூட்டு சனம் அநாதையாட்டம் நடந்து வரக்கூடாது. மேளத்தோட வந்து இட்டுனு வர்றேன்."

மேளக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அர்ச்சுனன் அதுவரை அழவில்லை. தட்டோடு திரும்பித் தெருமுனைக்கு நடக்கும்போது குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பூங்கோதைக்கும் அப்போதுதான் கண்ணில் தண்ணீர் இறங்கியது. சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தைகூட இல்லாமல் அப்பா ஜெயித்துவிட்டார். இதைச் சொல்லலாம் என்று தம்பியைத் தேடினாள்.

பக்கத்தில் மாலையைப் பிடித்துக்கொண்டு வந்தவனைக் காணோம். மாலை பந்தல்காலில் தொங்கிக்கொண்டிருந்தது.

*

கத்தரிப்பூ நிறப் புடவை மாணிக்கம்மாளின் மேல் விழுந்தது. அண்ணன் தன் கையாலேயே அதைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். பாடை தூக்கினார்கள். ஆண்கள் பின்னால் இடுகாட்டுக்குப் போனார்கள்.

வெற்றிச்செல்வன் புளியமரத்தடியில் ஜீப்புக்கு மறுபக்கம் குந்தியிருந்தான். பூங்கோதை போய் எதிரில் நின்றாள்.

"காட்டுக்குப் போவாம இங்க இன்னாடா பண்றே? அத்தைக்கு நீ ஒரே மருமவன்."

அவன் தலையைத் தூக்கவில்லை.

"மூட்டை இல்லக்கா."

"எந்த மூட்டை?"

"அப்பா சத்தியம் பண்ணாரே, அந்த மூட்டை. நேத்து சாவுச் சேதி வந்ததும் மிஷினுக்குப் பின்னால கொட்டிக் கொளுத்திட்டேன்."

ஜீப்பில் வரும்போது வந்த கருகிய வாசனை இப்போது அவளுக்கு விளங்கியது.

"ஏண்டா? ஏண்டா இப்பிடிப் பண்ணே?"

"ஐப்பசி மழையில கிடங்குக் கூரை ஒழுவுச்சி. ஒரு ஓரத்து மூட்டைங்க நனைஞ்சிப் போச்சி. அப்பாகிட்ட சொன்னா திட்டுவாருன்னு காய வெச்சி, அரைச்சி, மத்ததோட கலந்துட்டேன். அத்தை வூட்டுக்குப் போனது அதுல ஒண்ணான்னு எனக்கே தெரியலக்கா. பயந்துட்டேன்."

"நல்ல மூட்டையும் அதுல இருந்துச்சா?"

"எல்லாத்தையும்தான் கொளுத்துனேன்."

அவனுக்கே தெரியவில்லை. விருந்து வீட்டு அரிசியில் என்ன வந்தாலும், அது மூட்டையிலேயே இருந்ததா, அங்கே போய்ச் சேர்ந்ததா என்று இனி யாராலும் தெரிந்துகொள்ளவும் முடியாது. சாமை குற்றவாளி என்றால் அதற்கிருந்த சாட்சியும் போயிற்று, குற்றமில்லை என்றால் அதைச் சொல்லவும் இப்போது ஒன்றும் மிச்சமில்லை. நானூறு குடும்பத்தின் பெயரையும் சேர்த்துக் கொளுத்திவிட்டு, இந்தப் பையன் அழுதுகொண்டிருக்கிறான். அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்க முடியவில்லை.

பொய் ஒன்று வெளியில் வந்துவிட்டால் என்று ராஜவேலு சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பொய் கேமராவுக்கு முன்னால், தங்கச்சி பிணத்தின் மேல் சத்தியமாக, அவள் அறிந்ததிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரு மனிதரின் வாயிலிருந்து வந்துவிட்டது. அது பொய் என்று அவருக்குத் தெரியாது.

அப்பா வந்ததும் சொல்லிவிட வேண்டும். வேறு வழியே இல்லை. அவர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு அக்காவும் தம்பியும் நின்றார்கள்.

அடக்கம் முடிந்து அர்ச்சுனன் ஈர வேட்டியோடு வந்தார். சாவு வீட்டில் வர்றேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாதல்லவா, பேசாமல்தான் புறப்பட்டு வந்திருந்தார். ஆனாலும் முகம் இறுக்கம் விட்டிருந்தது. அம்மா பின்னாலேயே வந்து வண்டியில் ஏறினாள்.

"அப்பா..." என்று ஆரம்பித்தாள் பூங்கோதை.

"சின்னராஜு காலையில வர்றேன்னான்மா" என்றார் அவர். "மூட்டையப் பாத்துட்டு நம்ம வூட்லயே கை நனைக்கிறேன்னான். எங்கம்மா பொறந்த வூடு, எனக்கு அது வேணும் மாமான்னு என்னக் கட்டிக்கினு அழுதான்."

பூங்கோதை திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா மகன் பக்கம் கையை நீட்டினார். "கிடங்கு சாவி உங்கிட்டதான கீது? குடு. நாளைக்கு அவங்க வர்ற வரைக்கும் என்னாண்டயே இருக்கட்டும்."

வெற்றிச்செல்வன் அக்காவைப் பார்த்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான்.

அர்ச்சுனன் அதை வாங்கி, ஈர வேட்டியின் முனையில் வைத்து இறுக்கமாக முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.